டயரின் பக்கவாட்டில் இருந்த நாலு இலக்கம்

மச்சான்,

காலையிலிருந்து கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறேன். டயர்க் கடையின் ரப்பர் மணமும் கறுப்புப் பொலிஷ் மணமும் போகவே மாட்டேன் என்கின்றன. உன் வீட்டுக் கிணற்றடியிலிருந்து இப்போதுதான் எழும்பி வந்தேன். கை ஈரம் இன்னும் காயவில்லை. எழுத்துக் கோணினால் கோணட்டும்.

என் வேனுக்கு டயர் எடுக்கத்தான் இன்று கல்முனைக்குப் போனேன். மருதமுனையில் நெய்த சாரன்களை ஏற்றிக்கொண்டு முப்பது வருஷமாய் ஊர் ஊராய் ஓடுகிறவன் நான். டயர் பார்ப்பதென்றால் என்னைக் கேட்காமல் நம்மட ஆக்கள் எடுக்க மாட்டார்கள், உனக்குத் தெரியும். வழக்கம்போல ரெண்டு ரூபாய்க் குத்திக் காசை டயரின் வெட்டுக்குள் நிறுத்தி ஆழம் பார்த்தேன். நகத்தால் ரப்பரை அழுத்திப் பார்த்தேன். கடைக்காரரை விட நான்தான் கூடக் கதைத்தேன். பக்கத்தில் தன் காருக்கு டயர் எடுக்க வந்த ஒரு டீச்சர் வெட்டைப் பார்க்கவே இல்லை. குந்தியிருந்து டயரின் பக்கவாட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தா. என் வாய் சும்மா இருக்குமா?

"என்ன டீச்சர், நம்பரையா ரோட்டுல ஓட்டப் போறீங்க? வெட்டப் பாருங்க!"

அவ கோபிக்கவில்லை; அண்ணன் முறை வைத்தே கதைத்தா. "இந்த நாலு இலக்கமும் டயர் செஞ்ச காலம், காக்கா. முதல் ரெண்டும் வருஷத்துல எத்தனையாவது கிழமை எண்டு, மத்த ரெண்டும் வருஷம். சும்மா கிடந்தாலும் ரப்பர் கிழடாகும். வெட்டு புதுசு மாதிரியே இருக்கும், வெயில்ல ஓடக்குள்ள வெடிக்கும்" என்றா. நான் கடைக்காரரைப் பார்த்தேன். "ஓம், டீச்சர் சொல்றது சரி" என்றார் அவர்.

முப்பது வருஷம் மச்சான்! அந்த நாலு இலக்கத்தை நான் ஒரு நாளும் வாசித்ததில்லை. உனக்கு எடுத்துத் தந்த அன்றும் வாசிக்கவில்லை.

புது டயர் நாட்டுக்குள் வராத காலம் அது. பாவித்த டயர்தான் கிடைத்தது. "கொஞ்சம் பொறுப்பம் மச்சான், புதுசு வரட்டும்" என்று நீ பின்வாங்கினாய். நான் விட்டேனா? ஒரே வாகனத்தில் கழற்றிய ஐந்து டயர், ஸ்பெயாருக்கும் சேர்த்து. "வெட்டப் பாரு, ரோட்டையே காணாத டயர்டா. கண்ண மூடிட்டு எடு" என்றேன். என்னை நம்பி நீயும் எடுத்தாய்.

மற்ற எல்லாவற்றிலும் உனக்கு எவ்வளவு கவனம்! டிக்கிக்குள் ஒரு பெட்டி வைத்திருந்தாய். ஜாக்கி, கயிறு, டோர்ச், தண்ணீர்ப் போத்தல், சில்லுக்கு அண்டை கொடுக்க ரெண்டு கட்டை, இறக்காமத்துப் பக்கம் யானை மறித்தால் என்று கொஞ்சம் வெடி, ஒரு பழைய சாரன். "சாரன் எதுக்குடா, நடு ரோட்டுல படுக்கப் போறியா?" என்று நான் பகிடி பண்ண, "டயர் மாத்தக்குள்ள முட்டுக்கால் சுடும், அதுக்கு விரிக்கத்தான்" என்றாய். சவளக்கடை ரோட்டில் பட்டப்பகலில் வாய்க்காலுக்குள் கிடந்த காரிலிருந்து உன்னைத் தூக்கிய வயல்காரர்கள் அந்தச் சாரனைத்தான் உன்மேல் போர்த்தினார்கள்.

அவர்களில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கார் மெதுவாத்தான் வந்திச்சு தம்பி. டப்பெண்டு ஒரு சத்தம். பொறகுதான் வாய்க்காலுக்கு இழுத்திச்சு" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பின் டயர் கிழிந்து தொங்கியதை எல்லாரும் கண்டார்கள். அதற்கு விளக்கம் சொன்னது யார்? நான்தான். "அந்த வெட்டுள்ள டயர் சும்மா வெடிக்காது. மதகுக் கட்டுல போய் அடிச்ச வேகத்துல வெடிச்சிருக்கு. பறந்திருக்கான்" என்று கேட்டவன் கேளாதவனுக்கெல்லாம் சொன்னேன். டயர் தெரிந்தவன் சொன்னால் ஊர் நம்பத்தானே செய்யும். என் தங்கச்சியும் நம்பினாள். உன் மனைவி, மச்சான்.

உன்னை அடக்கம் செய்யத் தொழுவிக்க முன்னம் பள்ளிவாசலில் கேட்டார்களே, இந்த மையித்தின் மேல் யாருக்காவது மனவருத்தம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று. முன் வரிசையில் நின்று "பொறுத்துக்கிட்டன்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். எதைப் பொறுத்தேன் தெரியுமா? கண்மண் தெரியாமல் ஓட்டி என் தங்கச்சியை விதவையாக்கி இத்தாவில் இருத்திவிட்டாயே, அதை. நான் உன்னை மன்னித்தேனாம்!

இன்று டயர் எடுக்காமலே கடையிலிருந்து நேரே உன் வீட்டுக்குப் போனேன். கார் போய்விட்டாலும் அதிலிருந்து கழற்றிய ஸ்பெயார் வீல் மட்டும் கிணற்றுக் கட்டில் சாய்ந்தபடி நிற்கிறது. நீ மௌத்தாகி இரண்டு நோன்பு மாதம் போயும் யாரும் அதை அசைக்கவில்லை. தண்ணீர் அள்ளி ஊற்றித் துடைத்தேன். பாசிக்குள்ளிருந்து நாலு இலக்கம் தெரிந்தது. கடைசி இரண்டும் உனக்கும் தங்கச்சிக்கும் நிக்காஹ் நடந்த வருஷம். யா அல்லாஹ்! உன் மூத்த மகளை விட வயது கூடின டயர்களையா உனக்குப் பூட்டிவிட்டேன்?

"என்ன காக்கா, அதுல என்ன தேடுறீங்க?" என்று கேட்டுக்கொண்டு தங்கச்சி வந்தாள்.

ஒன்றையும் மறைக்கவில்லை. சேற்றில் குந்தியிருந்தபடியே எல்லாம் சொன்னேன். ஏசுவாள், இனி வாசல் மிதிக்காதே என்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப அவர் வேகமா ஓடல்லயா?"

"இல்ல. ஓடல்ல."

அவள் என் பக்கத்தில் வந்து குந்தினாள். "ரெண்டு வருஷமா அவரோட கோபம் காக்கா. எங்கள நெனக்காமப் போயிட்டாரே எண்டு. அவருக்காகத் துஆக் கேக்கக்குள்ளயும் கோபத்தோடதான் கேட்டன்" என்று அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "மகள், இங்க வாங்க. வாப்பா வேகமா ஓடல்லயாம்."

என்னைப் பொறுத்துக்கொள் என்று அவளிடம் கேட்டேன். "நான் என்னண்டு சொல்ற காக்கா? அவரிட்ட கேளுங்க" என்றாள். அதற்குத்தான் இந்த மடல்.

காரிலிருந்து எடுத்து வைத்த உன் டிக்கிப் பெட்டி இப்போது என் வேனில் இருக்கிறது. வருகிற ஜும்ஆ முடிந்து சனம் கலைய முன்னம் பள்ளிவாசல் முற்றத்தில் நின்று, நீ பறக்கவில்லை, டயரைப் பிழையாய்ப் பார்த்தவன் நான்தான் என்று சொல்வேன். அன்றைக்குச் சொன்ன அதே உரத்த குரலில் சொல்வேன். ஊர் என்னைப் பொறுக்கும், ஒரு கிழமையில் மறந்தும்விடும். ஆனால் முன் வரிசையில் நின்று நான் சொன்ன அந்த "பொறுத்துக்கிட்டன்" இன்னும் என் வாயிலேயே கிடக்கிறது, மச்சான். அதை எனக்குச் சொல்ல வேண்டியவன் நீ.