பக்கத்து வீட்டுக் கேசட்

12-7-1993
சவுதியில் தமாமிலிருந்து வந்த ஆள் வசம் இரண்டு கேசட் வந்தன. எனக்கு ஒன்று, பக்கத்து வீட்டு ஃபர்ஹத்துக்கு ஒன்று. அவள் மாப்பிள்ளையும் எங்கள் வீட்டுக்காரரும் அங்கே ஒரே அறைதான். அவளுடையதில் இரண்டு பக்கமும் பேச்சு. சுவரைத் தாண்டிக் கேட்கிறது. என்னுடையதில், "ஹமீதா, நல்லா இருக்கியா? உடம்பப் பாத்துக்க." அவ்வளவுதான். மீதி முழுக்க இரைச்சல். கடைசிவரை ஓடவிட்டுப் பார்த்தேன்.

13-7
அந்தக் குரலில் சலிப்பு இருந்தது. எனக்குத் தெரியாதா?

2-8
ஃபர்ஹத் முற்றத்தில் உட்கார்ந்து பதில் பேசிப் பதிந்தாள். இடையிடையே சிரிப்பு. என்னைப் பற்றித்தான் இருக்கும். வேறென்ன இருக்கிறது சிரிக்க? கோழியை விரட்டுகிற சாக்கில் வேண்டுமென்றே கத்தினேன். கெடட்டும் அவள் கேசட்.

பிறகு வந்து, "லாத்தா, நீங்களும் பேசிக் குடுங்க, ஆள் நாளைக்குப் போவுதாரு" என்றாள். தலைவலி என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு முகம் இருக்கிறது, வயசு இருக்கிறது, பேசுகிறாள். புகையிலை நாற்றம் பிடித்த பீடிக்காரி என்ன பேச?

20-8
நனைத்து வைத்த பீடி இலை பூசணம் பூத்துவிட்டது. பீடி சுற்றக் கை ஓடவில்லை. நான் ஒன்றுக்கும் ஆகாதவள். அவர் கண்டுகொண்டார், அதுதான் பேச்சில்லை.

3-9
எழுந்திருக்கவே இல்லை.

19-9
ஃபர்ஹத் சோற்றுக்குக் கறி ஆணம் கொடுத்தனுப்பினாள். பாவம் பார்க்கிறாளாம். தொடவில்லை.
அவரைப் பெற்ற மாமி சொன்னார்கள்: "நீயா ஒண்ண நெனச்சு நீயா குமையுத. அவன் உன்ன என்ன சொன்னான்?"
ஒன்றும் சொல்லவில்லை மாமி. அதுதான்.

11-10
அவர்கள் அறையில் இருக்கும் முகம்மது மைதீன் விடுப்பில் வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து, "வெள்ளிக்கிழமையானா உங்க மாப்பிள்ள, மீரான் அண்ணன், ஃபர்ஹத் கேசட்டத்தான் கேக்குதாரு மைனி" என்றார்.

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எங்கிட்ட ரெண்டு வார்த்தை பேச வாய் இல்ல, அவ பேச்சக் கேக்க மட்டும் காது இருக்கா? நான் நெனச்சது அத்தனையும் சரிதான் — எழுந்து உள்ளே போகப் பார்த்தேன்.

மைதீன் இன்னும் முடிக்கவில்லை. "அதுல ஒரு எடத்துல நீங்க கோழிய வையுதிய. அவ மாப்பிள்ள அந்த எடத்த மட்டும் போட்டுக் குடுப்பாரு. அண்ணன் திரும்பத் திரும்பக் கேப்பாரு. நாடா தேஞ்சு போவுதுன்னு அவ மாப்பிள்ளைக்கு ஒரே கோவம்."

12-10
தூங்கவில்லை. கெடுக்கப் போட்ட சத்தம் அது. கேலிக்குக் கேட்கிறாரோ? பார், மனசு இதையும் விடமாட்டேன் என்கிறது.

4-12
மைதீன் நாளை கிளம்புகிறார். ஃபர்ஹத் அந்தப் பக்கம் சிரித்துச் சிரித்துப் பேசிப் பதிகிறாள். இன்னும் எரியத்தான் செய்கிறது.

நானும் டேப்பில் பட்டனை அழுத்திவிட்டு உட்கார்ந்தேன். "மச்சான்" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. நாடா ஓடிக்கொண்டே இருந்தது. இதைப் போட்டால் அவருக்கும் இரைச்சல்தான் கேட்கும். அவரும் அன்றைக்கு இப்படித்தான் உட்கார்ந்திருந்தாரோ?

நாடாவை நிறுத்தாமலே எழுந்து கதவைத் திறந்து கோழியை உள்ளே விட்டேன்.