ஒற்றையனின் இரண்டாம் வால்

கீத்தோ
மார்ச் 9, 2014

என் பிரியமான பியெதாத்,

நலமா? தோட்டத்து ரீங்காரச் சிட்டுகள் நலமா? உன் உருளைக்கிழங்கு சூப்பை நினைத்துக்கொண்டே இங்கே கடையில் ஆறிப்போன சோற்றைத் தின்கிறேன்.

ஒரு நல்ல செய்தி. போன மாதம் நம் தோட்டத்தில் எடுத்த சிட்டுப் படம் புகைப்படப் போட்டியின் கடைசிப் பத்துக்குள் வந்துவிட்டது! நம் ஊர் மேகமூட்டத்தில் மணல் தூவியதுபோல் படமெல்லாம் புள்ளி விழுகிறதென்று எத்தனை வருஷம் புலம்பியிருப்பேன்? இதில் ஒரு புள்ளி இல்லை. ஆறு ஃப்ளாஷ், ஒரே பூ. பறக்கும் சிறகு அப்படியே நிற்கிறது.

பறவைக்கு ஒரு தீங்கும் வரவில்லை என்று தோட்டக்காரி நீ கையெழுத்திட வேண்டும். படமும் படிவமும் பால் வண்டியில் வருகின்றன. ஜெயித்தால் நகரத்து வேலையை உதறிவிட்டு வீட்டுக்கே வந்துவிடுவேன். இரண்டு வருஷம் பிரிந்திருந்தது போதாதா?

உன் ஓல்கேர்

மார்ச் 14

ஓல்கேருக்கு,

பிரியமான என்று எழுதக் கை வரவில்லை.

பால் வண்டி செகுந்தோ அண்ணன்தான் முதலில் படத்தைப் பார்த்தார். "அடேயப்பா, உன் புருஷன் கில்லாடிதான்! ஆமா, இது நம்ம ஒத்தையன்தானே, நெத்தி வடு தெரியுதே? ரெண்டு வாலிறகுல ஒண்ணைத்தான் பூனை பிடுங்கிடுச்சே, அது திரும்ப எப்பம்மா முளைச்சிச்சு?" என்று சிரித்தார். பிறகு அவரே, "அவரு படம் எடுத்த ரெண்டு நாளும் தோட்டத்துல சிட்டு குடிக்கிற சர்க்கரைத் தண்ணிக் குப்பி ஒண்ணுகூட தொங்கலையே, கழுவ எடுத்திருப்பாருன்னு நெனச்சேன்" என்றார்.

நான் அப்போது தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தேன். குப்பிகளை நிரப்புவதாக நீ சொன்னாய். திரும்பி வந்தபோது எல்லாம் நிரம்பித்தான் தொங்கின. புதருக்கடியில் ஒற்றையனும் சேர்த்து மூன்று சிட்டுகள் விறைத்துக் கிடந்தன. நீ குப்பிகளைக் கழற்றினாயா இல்லையா? அதை மட்டும் சொல்.

பியெதாத்

மார்ச் 20

பியெதாத் கண்ணே,

கழற்றினேன். இரண்டே நாள்தான். பசித்தால்தான் அது திரும்பத் திரும்ப அந்த ஒரே பூவுக்கு வரும், ஃப்ளாஷ் சரியாக விழும். எல்லோரும் செய்வதுதான் இது. அந்த வாரம் குளிரும் மழையும் வருமென்று நான் கண்டேனா?

கணினியில் புள்ளிகளைத் துடைக்கும்போது வாலையும் கொஞ்சம் சரிசெய்தேன். ஊனமான பறவைக்கு யார் பரிசு தருவார்கள்? ஒரு குருவிக்காகக் குடும்பத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. ஒரே ஒரு கையெழுத்து.

உன் ஓல்கேர்

மார்ச் 27

ஓல்கேருக்கு,

அந்தச் சிட்டுகளைப் புதைத்த அன்று உனக்கு ஒரு கடிதம் எழுதினேன், நினைவிருக்கிறதா? பிரசவ அவசரத்தில் கெட்டுப்போன சர்க்கரையைக் கரைத்துவிட்டேனோ, நான்தான் கொன்றுவிட்டேனோ என்று அழுதிருந்தேன். "மனசைத் தேற்றிக்கொள், அடுத்த தடவை கவனமாக இரு" என்று பதில் போட்டாய். அந்தப் பதிலை நேற்று மறுபடி எடுத்துப் படித்தேன். பசியில் விறைத்த பறவையைவிட அதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஒரு மாதம் நான் குப்பிகளை வெந்நீரில் தேய்த்துத் தேய்த்தே என் கை வெந்துபோனது. உண்மை உனக்குத் தெரியும், நீ வாயைத் திறக்கவில்லை.

படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டேன். தீங்கு வரவில்லை என்ற வரியை அடித்துவிட்டு, குப்பிகள் இரண்டு நாள் இல்லை, மூன்று செத்தன, வால் பொய் என்று எழுதினேன். உனக்கு அனுப்பவில்லை, நேரே போட்டிக்காரர்களுக்கே. இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும்.

கல்யாணமான வருஷம் மழையில் நீ எடுத்த முதல் படம் சமையலறைச் சுவரில் இருக்கிறது. முழுக்கப் புள்ளி, சிறகு வெறும் புகை. தூக்கிப் போடு என்பாய். நான் போடவில்லை, அதில் சிட்டு பறக்கிறது. அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். உன் ஆறு ஃப்ளாஷ் விளக்குகளும் துணிமணியும் இந்தப் பால் வண்டியிலேயே வருகின்றன.

குப்பிகளை நானே நிரப்பிக்கொள்வேன். நீ வர வேண்டாம்.

பியெதாத்