காற்று தங்காத துணி

அண்ணே,

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் என் காலுக்குக் கட்டுப் போட வந்த நர்ஸ், காயத்தில் வைக்கும் காஸ் துணிப் பொட்டலத்தைப் பிரித்தாள். வெளுத்த நூலின் வாசனை வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வலிக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பொய்யில் பழகியவள்தானே நான்.

எண்பதுகளின் கடைசியில் இராஜபாளையத்தில் நீ மில்லில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர், நான் பேண்டேஜ் கம்பெனியில் தையல்காரி. பழைய கார் இன்ஜினை வைத்து மூன்று வருஷமாக ஒற்றை ஆள் விமானம் கட்டினாய். கொல்லையில் துணி காயப்போட இடமில்லை என்று அம்மா ஏசுவாள். "றெக்கையிலயே போடுங்க, பறக்கும்போது காஞ்சிரும்" என்பாய்.

மம்சாபுரம் பக்கம் வற்றிக் கிடந்த கண்மாய்தான் உன் ஓடுதளம். காற்று எந்தப் பக்கம், எம்புட்டு வேகம் என்று மேலேயிருந்து பார்க்க, கம்பத்தில் கட்டினால் காற்று நிரம்பி எழுந்து நிற்கும் நீளமான துணிக்குழாய் கேட்டாய். "கனத்த காடாத் துணியில தை ஏட்டி" என்றாய். நான்தான் பெரிய கெட்டிக்காரி. மெல்லிய துணி சின்னக் காற்றுக்கும் ஆடுமே என்று, கம்பெனியில் கழித்துப்போட்ட காஸ் துணியில் தைத்தேன். அதன் கண்களில் காற்று புகுந்து போய்விடும் என்பது, நாள் முழுக்க அதையே கையில் பிடித்திருந்த எனக்குத் தோன்றவில்லை. நீ இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய். கம்பத்தில் கட்டியதும் நானே.

பறந்த அன்று காலையில் நீ ஏறியபோது இலை அசையவில்லை. மேலே நீ இரண்டு சுற்று வருவதற்குள் மலைக்காற்று இறங்கிவிட்டது. என் சேலை படபடவென்று அடித்தது. கம்பத்துத் துணியோ துவண்டு தொங்கியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இறங்காதே என்று இரண்டு கையையும் வீசினேன். நீயும் சந்தோஷமாகக் கையசைத்தாய். காற்றே இல்லை என்று நம்பி மலைப்பக்கமிருந்து இறங்கினாய். பின்காற்று தள்ள, தரை தொட்டும் நிற்காமல் ஓடிய விமானம் கண்மாய்க் கரையில் மோதியது.

ஓடி வந்தேன். உன் வலது கால் இன்ஜினுக்கு அடியில் கிடந்தது. "ஏட்டி, மொதல்ல அந்தத் துணிய இறக்கு. ஆள் வாரதுக்குள்ள இறக்கு" என்றாய். வலியில் உளறுகிறாய் என்று நினைத்தேன். ஆனாலும் இறக்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

போலீஸ்காரரிடம், "எங்கணக்கு தப்பிட்டு சார்" என்றாய். ஆஸ்பத்திரியில் உன் காலை வெட்டி எடுத்தார்கள். மில் வேலை போயிற்று. பெண் தருவதாகச் சொன்னவர்கள் பிறகு வரவில்லை. ஊர் உன்னைக் கிறுக்கன் என்றபோதெல்லாம் பக்கத்தில் நின்று தலையைக் குனிந்துகொண்டேன். கோழை நான், அண்ணே.

எட்டு வருஷம் கழித்து, நீ படுக்கையில் கிடந்த கடைசி வாரத்தில் துணிந்து ஆரம்பித்தேன். "அண்ணே, அந்தத் துணி..."

"எந்தத் துணி?" என்றாய். பொறவு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய்.

நேற்று வீட்டுக்கு வந்ததும் பெட்டியிலிருந்து அதை எடுத்தேன். இது என்னம்மா என்றாள் என் மகள்.

"உங்க மாமா கணக்கு தப்பல. நான் தச்சதுதான் தப்பு" என்றேன்.