பச்சை மூடி பாட்டில்

விவேக் நகர்
3.10.2024

சில்லு கண்ணு,

உன் முப்பதாம் நாள் பூசைக்கு உன்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஸ்னேஹா வந்தாள். டீ குடிக்கும்போது வாயை விட்டுவிட்டாள்.

“ஆன்ட்டி, மிஸ்ஸு ஒருநாள் சுண்ணாம்புத் தண்ணின்னு பாட்டில்ல கொணாந்தாங்க. ஸ்ட்ரா போட்டு ஊதுனா மூச்சு பட்டு பாலாட்டம் ஆவும்னாங்க. கிளாஸே ஊதுச்சு, ஒண்ணும் ஆவல. ‘மிஸ், எங்க யாருக்கும் மூச்சே இல்லபோல’ன்னான் வெங்கி. எல்லாம் சிரிச்சிட்டோம்.”

நீ காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு நாலு நாள் முன்னால் நடந்ததாம். என்னிடம் ஏன் மறைத்தாய்? ஆறு வருஷமாக நடத்துகிற பாடம், உனக்குத் தப்புமா? யாரோ பாட்டிலை மாற்றியிருக்கிறார்கள். எனக்குப் பக்கத்து வகுப்பு க்ளென் சார் மேல்தான் சந்தேகம். உன் அடக்கத்தன்று அவன் என் முகத்தையே பார்க்கவில்லை. உன் வகுப்பும் இப்போது அவனுக்குத்தானாம்.

அம்மா

17.10.2024

சில்லு,

வியாழக்கிழமை ஜெபம் முடிந்து கோயில் வாசலில் க்ளெனைப் பிடித்தேன். “பாட்டில மாத்துனது நீதானேப்பா?” என்று நேராகவே கேட்டேன்.

“நான் எதுக்கு ஆன்ட்டி மாத்துறேன்? முந்தின நாளே வீட்ல சுண்ணாம்பு கரைச்சு தெளிய வெச்சாங்களாம். பச்ச மூடி பாட்டில், அவங்க பையிலேர்ந்து அவங்களேதான் எடுத்தாங்க. என்ன ஆச்சுன்னு கேட்டேன். ‘விடுங்க க்ளென், தப்பு என்னுதுதான்’னுட்டாங்க.”

நான் நம்பவில்லை. மூடி பச்சை என்பதுவரை சொல்கிறான் பார். நன்றாகவே பார்த்து வைத்திருக்கிறான்.

அம்மா

2.11.2024
கல்லறைத் திருநாள்

சில்லு,

உன் கல்லறையைக் கழுவ நேற்று ராத்திரியே அந்தப் பச்சை மூடி பாட்டிலில் போர்வெல் தண்ணீர் பிடித்து, சமையல்கட்டு ஜன்னலில் வைத்தேன். காலையில் பார்த்தால் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது.

நீ அந்தப் பாடம் நடத்திய அன்று காலையிலும் அதே ஜன்னலில் அதே பாட்டில் இப்படித்தான் இருந்தது. போர்வெல் தண்ணியைப் பிடித்துவிட்டாயே, தொண்டை கட்டுமே என்று கொட்டினேன். தேய்த்துக் கழுவி, காய்ச்சி ஆறவைத்த காவேரித் தண்ணீரை ரொப்பி உன் பையில் வைத்தது நான்தான்.

கல்லறைத் தோட்டத்தில் க்ளெனிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல ஆன்ட்டி” என்று என் கையிலிருந்த மெழுகுவத்தியை வாங்கி ஏற்றிக் கொடுத்தான்.

அந்தப் பாடத்தன்று சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்து பாட்டிலைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “தண்ணி நல்லா இருந்துச்சும்மா” என்றாய். தெரிந்துதான் சொன்னாயா சில்லு?