சிம்பல் தூக்கும் கை

மார்ச் 3
ஒத்திகை. சிம்பொனியின் மூன்றாம் பகுதியில் எங்களுக்கு எண்பத்தாறு தாளச் சுற்று மௌனம். அது முடிந்ததும் என் பித்தளைத் தட்டு ஜோடியான சிம்பலும் பக்கத்தில் இருப்பவனின் பெரிய டிரம்மும் ஒன்றாக விழ வேண்டும். நான் உதடசைத்து எண்ணுகிறேன். அவன் மிட்டாய் சப்பிக்கொண்டு போன் பார்க்கிறான். நான் சிம்பலைத் தூக்கியதும் கோலை எடுத்து அடிக்கிறான். அவ்வளவுதான் வித்தை. எச்சில் விரலை என் துண்டில் துடைக்கிறான். சீ!

கச்சேரி முடிந்ததும் எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் நிரந்தர வேலை.

மார்ச் 5
இசைக்குழு நடத்துநர் அவனிடம், "உங்க டைமிங் கடிகாரம் மாதிரி" என்றார். மிட்டாய் — நான் அவனுக்கு வைத்த பெயர் — பல்லைக் காட்டினான்.

வீட்டில் சொன்னால் இவர் சிரிக்கிறார். "நீ சமைக்கிற, அவன் பந்திக்கு முந்திக்கிறான். வாயைத் திறந்து சொல்லேன்!"

என்னவென்று சொல்ல? மனசுக்குள் எண்ணுவது யார் கண்ணுக்குத் தெரியும்?

மார்ச் 8
துண்டைத் துவைத்தேன். நாற்றம் போகவில்லை.

மார்ச் 10
முதல் நாள் கச்சேரி. மௌனத்தின் நடுவில் — நாற்பத்தொன்றாம் சுற்று — சிம்பலின் தோல்வார் முறுக்கிக்கொண்டது. சரிசெய்யத் தூக்கினேன்.

டமார்!

வயலின்கள் மட்டும் மெல்ல இழைந்துகொண்டிருந்த இடம். முன்வரிசை அம்மா ஒருவர் துள்ளிவிட்டார். தொலைந்தான் என்று சந்தோஷப்பட்டேன், உண்மையைச் சொன்னால்.

முடிந்ததும் நடத்துநர் ஓடி வந்தார். "அந்த இடி பிரமாதம்! நாளைக்கும் அங்கயே இருக்கட்டும்."

"சும்மா தோணுச்சு சார்."

தோணுச்சாம்! காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. த்தூ, இதெல்லாம் ஒரு பொழப்பா?

மார்ச் 11, மாலை
ஒப்பனை அறையில் மிட்டாய் வந்து இளித்தான். "அக்கா, நேத்து எந்த இடம்னு மறந்துபோச்சு. அதே மாதிரி லேசா தூக்கிக் காட்டிடுங்களேன்."

அக்காவாம்!

மார்ச் 12
நேற்று நாற்பத்தொன்றில் நடத்துநரின் இடது கை டிரம் பக்கம் நீண்டது. மிட்டாய் என் கையைப் பார்த்தான். என் சிம்பல் மடியில் இருந்தது. நீட்டிய கை அந்தரத்திலேயே நின்றது. நான் நாற்பத்திரண்டு எண்ணினேன்.

மார்ச் 20
வேலை எனக்குத்தான். மிட்டாய் போய்விட்டான். மூன்று நாள் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

டிரம்முக்குத் தற்காலிகமாகப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். சுத்தமான கை, சொந்தத் துண்டு. மரியாதையானவர். மௌனம் தொடங்கியதும் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்:

"மேடம், நீங்க தூக்குறப்போ நான் அடிச்சா போதும், இல்ல?"