அந்தக் கூட்டத்தில் அம்மா உண்டா?

அப்பா,

அச்சுமுறுக்குக்கு எண்ணெய் காய வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. வெளியே மார்கழி மைக்செட்டில் ஆண்டாள் பாட்டு. இந்த வாசமும் அந்தப் பாட்டும் சேர்ந்து வந்தாலே எனக்கு உங்கள் மேல் எரிச்சல் பொங்குகிறது. நீங்கள் போய் இத்தனை வருடமாகியும் குறையவில்லை.

அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் பெருமாளைக் கும்பிடும் வீட்டில் பிறந்தவள். உங்களுக்காக ஞானஸ்நானம் எடுத்து, பிறந்த வீட்டு வாசலை மறந்து, ராஜபாளையத்துக்கு வந்தாள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரு மார்கழிக் காலை, இதேபோல் அச்சை மாவில் முக்கி எண்ணெயில் விட்டுக்கொண்டே, மைக்செட்டோடு சேர்ந்து அவளும் முணுமுணுத்தாள். சின்ன வயதுப் பழக்கம். வாய் தானாக அசைந்தது. மில்லில் ஷிப்ட் முடிந்து வந்த நீங்கள் அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டீர்கள்.

"இம்புட்டு வருசம் கழிச்சும் உனக்கு அந்தப் பாட்டுதான் வருது. நீ அந்தக் கூட்டத்துல உண்டானு எனக்கே சந்தேகமா இருக்கு" என்றீர்கள்.

எந்தக் கூட்டம் என்று எங்களுக்குத் தெரியும். வீட்டு ஜெபக்கூட்டத்தில் நீங்கள் தொண்டை கிழியப் பேசுவது அதைப் பற்றித்தானே. உலகம் உண்டாகுமுன்பே பரலோகம் சேரும் கூட்டத்தில் இன்னார் இன்னார் என்று தேவன் தெரிந்தெடுத்துவிட்டார். அழுதாலும் புரண்டாலும் அது மாறாது. எல்லாம் கிருபை, இலவசம். இலவசமாம்! கொடுக்கிறவர் ஒருவர் இருக்க, நடுவில் நின்று அவர் கையைப் பிடிக்க நீங்கள் யார்?

அதற்குப் பிறகு அம்மா பாடவேயில்லை. கோயில் பாட்டு மட்டுமல்ல, சபையில் கீர்த்தனைக்கும் வாய் திறக்க மாட்டாள்.

தொண்ணூறுகளில் அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. மதுரையில் காட்டினோம், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலியைவிட உங்கள் சந்தேகம்தான் அவளைத் தின்றது. ஒரு மத்தியானம் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, நான் உண்டுல்ல? ஒத்த வார்த்த சொல்லுங்க. பயமா இருக்கு."

கஞ்சியோடு நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"அது கர்த்தருக்குத்தான் தெரியும். தெரியாதத எப்பிடிச் சொல்ல?" என்றீர்கள்.

பொய் சொல்லக் கூடாதாம். பெரிய உத்தமர்! அவள் கையை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அந்தப் பயத்தோடேயே போய்ச் சேர்ந்தாள். அடக்க ஆராதனையில் எல்லோரையும்விட நீளமாக ஜெபம் செய்தது நீங்கள்தான்.

சில வருடத்தில் உங்கள் முறை வந்தது. பக்கவாதம். ஊருக்கெல்லாம் இரட்சிப்பின் நிச்சயத்தைப் பற்றிப் பேசியவருக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் அது விட்டுப்போயிற்று. கோணிய வாயால் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"ஏட்டி... நான் உண்டா?"

எனக்கே சந்தேகமா இருக்குப்பா என்று சொல்ல எனக்கும் வாய் இருந்தது. ஆத்திரமும் இருந்தது.

"உண்டுப்பா. பயப்படாதீங்க" என்றேன்.

உங்கள் முகம் தளர்ந்தது. கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டீர்கள். பிறகு கண் விழிக்கவில்லை.

பாசத்தில் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் எதுவும் தெரியாது. பயந்த முகத்தைப் பார்த்தேன், சொன்னேன், அவ்வளவுதான். இன்றும் சபையில் யாராவது படுக்கையில் கிடந்து அப்படிக் கேட்டால், உண்டு என்றுதான் சொல்கிறேன். சொல்வதற்கு அது எவ்வளவு லேசாக இருக்கிறது, அப்பா! அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.