நான்கு முறை கூப்பிட்டார்

அன்புள்ள மகள் ஜோவன்னாவுக்கு, அம்மா எழுதுவது.

அபர்தீனில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க மாதா துணையிருக்கட்டும். இங்கே நான் சுகம், அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் அதைச் சொல்ல இந்தக் கடிதம் தேவையில்லை. வாட்ஸ்ஆப்பில் மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்துவிட்டேன். தபாலில் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது, அதனால்தான் தாளில் எழுதுகிறேன். அப்பா இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. தையல் ஆறிவிட்டது, வாக்கரைப் பிடித்து ஹாலில் பத்தடி நடக்கிறார், கஞ்சி மீதம் வைப்பதில்லை. மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

போன டிசம்பரில் நீ உறைய வைக்கும் குளிரில் கடலில் இறங்கும் வீடியோவை அனுப்பி, "ம்மா, நீங்களும் ட்ரை பண்ணுங்க, மண்டைக்குள்ள எல்லாம் ஆஃப் ஆயிடும்" என்றாய். நான் நம்பவில்லை. இருபத்தைந்து வருடம் உணவுப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவளிடம் எண்ணைக் காட்டாமல் எதையும் சொல்லிப் பயனில்லை. ஆனால் கூட வேலை பார்க்கும் நஸீஹா விடவில்லை, ஜாலான் புசாரில் ஒரு பழைய கடைவீட்டு மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள், அங்கே கழுத்தளவு ஐஸ் தண்ணீரில் உட்காருவதற்குத் தொட்டிகள் வைத்திருக்கிறார்கள். "ரெண்டே நிமிஷம்க்கா, செத்துட மாட்டீங்க லா" என்று தள்ளிவிடாத குறை. சொல்லிக்கொடுப்பவர் பெயர் லியோனல், உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். மூச்சை மட்டும் கவனி, எண்ணம் வந்தால் போகவிடு, சத்தம் வந்தாலும் போகவிடு, அது வெறும் சத்தம்தான், பதில் சொல்லாதே என்றார். முகத்தில் சிரிப்பு வராமல் பார்த்துக்கொண்டுதான் இறங்கினேன். பன்னிரண்டு டிகிரி. முதலில் மூச்சு நின்றுவிடும் போல இருந்தது, பிறகு ஒரு நிமிடம் ஆனதும் எல்லாம் அடங்கியது. அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து பதினான்கு மாதத்தில் முதல்முறையாக என் உடம்பு எனக்கு மட்டும் சொந்தமாக இருந்தது. நீ சொன்னது பொய்யில்லை ஜோ. இந்த விஷயத்தில் கஷ்டமே அதுதான், பொய்யாக இருந்திருந்தால் அன்றே விட்டிருப்பேன்.

வாரம் ஒரு நாள் போதவில்லை. மடக்கி வைக்கும் தொட்டி ஒன்றை வாங்கிக் குளியலறையில் போட்டேன். நம் குழாய்த் தண்ணீர் எந்தக் காலத்தில் குளிர்ந்தது, அதனால் தேக்கா மார்க்கெட்டில் மீன் விற்கும் ஜாஃபரிடம் ஐஸ் வாங்கினேன். "என்னக்கா, மீனே வாங்காம ஐஸ் மட்டும் மூட்டை மூட்டையா, வீட்டுல பென்குவின் வளக்கிறீங்களா லா?" என்று கேட்டுப் பக்கத்துக் கடைக்காரர்களையும் சிரிக்க வைத்தார். குளியலறையில் மீன் வாடைதான். அதற்கும் பழகிவிட்டேன். நாடித்துடிப்பு, தூக்கம் எல்லாவற்றையும் நோட்டில் குறித்தேன், எல்லா எண்ணும் நல்ல பக்கமே போனது.

ஸ்ட்ரோக்கிற்குப் பிறகு அப்பாவிடம் மிஞ்சியது ஒரே வார்த்தை, என் பெயர், உனக்குத் தெரியும். ரிமோட் வேண்டுமென்றாலும் லெனா, பாத்ரூம் போகவேண்டுமென்றாலும் லெனா, வெளியே மழை பெய்தாலும் லெனா. "அப்பாவோட டிக்‌ஷனரியில ஒரே பக்கம்தான்மா, அதுல நீங்கதான்" என்று நீகூடக் கேலி செய்தாய். பழக்கதோஷத்தில் ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், காலையிலிருந்து இரவு சாப்பாடு வரை நூற்றுப் பன்னிரண்டு. சாப்பிட உட்கார்ந்தால் லெனா, ஜெபமாலையை எடுத்தால் லெனா. இதைக் காரணமாகச் சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன்.

அவர் விழுந்தபோது நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், கால் வழுக்கிவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னேன். அது உண்மையில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, பணிப்பெண்ணுக்கு லீவு, பூசைக்கு முன் நான் தொட்டியில் இருந்தேன். ஒரு நிமிடம் ஆனபோது முதல்முறை லெனா என்றார். எனக்குக் கேட்டது. இரண்டாவதும் மூன்றாவதும் கேட்டன, ஊன்றுகோல் சத்தம் கதவருகே வந்ததும் கேட்டது. லியோனல் சொன்னபடி எல்லாவற்றையும் போகவிட்டேன். நான்காவது முறை கூப்பிட்டபோது நான் அசையவில்லை, அசையாமல் இருக்க முடிந்ததில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. பிறகு அவர் விழுந்த சத்தம். கதவைத் திறந்தபோது சுவரோரம் கிடந்தார், தோளில் என் துண்டு இருந்தது. நான் சோபாவில் மறந்துவிட்டு வந்த துண்டு. நூற்றுப் பன்னிரண்டு முறை தனக்காகக் கூப்பிட்டவர், அன்று எனக்காகக் கூப்பிட்டிருக்கிறார்.

அன்றிலிருந்து அவர் என் பெயரைச் சொல்வதில்லை. ஸ்கேனில் புதிதாக எதுவும் இல்லை, பேச்சுப் பயிற்சி கொடுப்பவருக்கும் காரணம் தெரியவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், நிரூபிக்க முடியாது. தாகம் எடுத்தால் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் கவனிக்கும் வரை. தொட்டியை மடக்கிக் கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். பாவசங்கீர்த்தனமும் செய்தேன். சாமியார் மன்னித்துவிட்டார், ஆனால் அவருக்கு உன் அப்பாவைத் தெரியாது. தெரிந்தவள் நீ ஒருத்திதான், அதனால் உனக்குத் தெரியவேண்டும். வீடியோ அனுப்பியதற்காக உன்னை நொந்துகொள்ளாதே, இறங்கியதும் நான், இருந்ததும் நான். கோபம் வந்தால் என்னோடு தனியாகப் பேசு, அப்பா முன்னால் வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு. கடலில் இறங்காதே என்று சொல்லமாட்டேன், அந்தத் தகுதி எனக்கில்லை. தனியாக மட்டும் இறங்காதே. கரையில் ஒருவரை நிறுத்திவை, அவர் கூப்பிட்டால் முதல் தடவையே வெளியே வா. மாதா உன்னைக் காப்பாற்றட்டும்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய மறக்காதே. நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன். அம்மா எங்கே என்று அப்பாவிடம் கேள், அவசரப்படாமல் கேள். கதவைத் திறந்தே வைத்திருப்பேன்.

உன் அம்மா,
லெனா